நிலக்கரிச் சுரங்கக் கழிவும் நம்ம ஊர் குவாரிக் கழிவும் ஒன்றா?

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி ஓரம் கழிவுக் கல் மலைபோல் கிடக்கிறதே, நிலக்கரிச் சுரங்கத்திலும் இப்படித்தான் கொட்டுவார்களா, தண்ணீரை என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல் வேறு, அதனால் கவலையும் வேறு. கிரானைட் மழையில் நனைந்தாலும் பெரிதாக எதுவும் கரையாது. நிலக்கரியை ஒட்டிய பாறையில் பல இடங்களில் பைரைட் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், ஓடை செம்மஞ்சளாகிவிடும். சுண்ணாம்புக்கல் போட்டு முறிக்கலாம்தான், ஆனால் அது வருடக்கணக்கில் ஓயாத செலவு. தண்ணீரை அண்டவிடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்: சுற்றிலும் கால்வாய் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட்டு, பைரைட் பாறையைக் களிமண்ணால் மூடுவார்கள். குழிக்குள் சேர்ந்த நீரை இறைத்து, குட்டையில் வண்டல் படியவிட்டு, அப்புறம்தான் வெளியேற்றுவார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டவே முடியாது.

கழிவை எங்கே கொட்டுகிறோம் என்பது உயிர் விஷயம். வேல்ஸில் அபெர்ஃபான் என்ற ஊரில் நீரூற்றின் மேலேயே கொட்டிய மேடு, 1966 அக்டோபர் 21 அன்று குழம்பாகிச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள்.

நம்ம குவாரியில் அமிலப் பயம் அவ்வளவாக இல்லை. ஆனால் கழிவுக் கல்லை ஓடையில் தள்ளினால் ஏரிக்கு வரத்து நின்றுவிடும். ஊரில் விசாரிப்பதானால் முதலில் அதைப் பாருங்கள்.