தலைக்காயத்துக்குப் பிறகு முதல் வேலை: பெற்றோர் கேள்விகள்

கே: பைக் விபத்தில் மகனுக்குத் தலையில் அடி. இப்போது நன்றாகப் பேசுகிறான், நடக்கிறான். ஆனால் கடையில் சேர்ந்த மூன்றே வாரத்தில் "சொன்னால்தான் செய்கிறான்" என்று நிறுத்திவிட்டார்கள். ஏன் சார்?

ப: யாரும் சொல்லாமலே ஒரு வேலையைத் தொடங்குவது, எதை முதலில் செய்வதென்று முடிவெடுப்பது எல்லாம் மூளையின் முன்பகுதி பார்த்துக்கொள்வது. விபத்தில் பெரும்பாலும் அடிபடுவதும் அந்த இடம்தான். இது சோம்பேறித்தனம் இல்லை. தயவுசெய்து வீட்டிலும் அப்படிச் சொல்லாதீர்கள். இன்னொன்று சோர்வு. தினம் 2 மணி நேரம், வாரம் 3 நாள் என்று ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் தடுமாறாமல் போனால் அரை மணி கூட்டலாம். இரவு தூங்கி எழுந்தும் களைப்பு தீரவில்லையென்றால் பழைய நேரத்துக்கே திரும்புங்கள்.

கே: மகளுக்கு எதுவும் ஞாபகம் நிற்பதில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை போன் செய்து நினைவுபடுத்துகிறேன்.

ப: அம்மா, நீங்கள் வாயால் சொல்வதை அட்டைக்கு மாற்றுங்கள். ஒரு வேலைக்கு 5, 6 படி, ஒவ்வொன்றுக்கும் படம், முடித்ததும் டிக். புது வேலை பழகும் நாட்களில் பக்கத்தில் நின்று சரியாகவே செய்ய வையுங்கள், ஊகிக்க விடாதீர்கள். நினைவு பலவீனமானவர்களுக்கு, திருத்தியது மறந்துபோகும். செய்த தப்பு கையில் படிந்துவிடும். பழகிய பிறகு தடுமாறினால், மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு "அட்டையில் அடுத்து என்ன இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

கே: வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான். லேத் பட்டறையில் கூப்பிடுகிறார்கள்.

ப: வேண்டாம். சுழலும் இயந்திரம், உயரம், வண்டி ஓட்டுவது எதுவும் நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் கூடாது. நைட் ஷிப்டும் வேண்டாம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம்.

கே: மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

ப: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் என்று தனிப்பெயர் இல்லை. கை கால், பார்வை, பேச்சு என்று எது பாதித்ததோ அதன் பேரில்தான் மதிப்பிடுவார்கள். நினைவு, கவனக் குறைபாடு கண்ணுக்குத் தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேனோடு நரம்பியல் உளவியல் பரிசோதனை (நினைவு, கவனம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று அளக்கும் சோதனை) அறிக்கையையும் கொண்டுபோங்கள். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு வேண்டும்.

கே: முதலாளியிடம் என்ன சொல்வது?

ப: நோயின் பெயரைவிடத் தேவையைச் சொல்வது பயன்படும்: "ஒரு நேரத்தில் ஒரு வேலை கொடுங்க, எழுதிக் கொடுங்க, மதியம் 15 நிமிஷம் சத்தமில்லாத இடத்தில் உட்கார விடுங்க." இதை நீங்கள் சொல்லாமல் பிள்ளையே சொல்லும்படி வீட்டில் நாலைந்து முறை பேசிப் பழக்குங்கள்.