இரவு ஒன்பதரைக்கு நிற்கும் தளம்: சிபேனலில் லாக் தேடுவது எப்படி?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வேர்ட்பிரஸ்ஸில் செய்த எங்கள் தளம் வாரத்தில் இரண்டு மூன்று நாள், இரவு ஒன்பதரை மணி வாக்கில் ‘500 இன்டர்னல் சர்வர் எர்ரர்’ காட்டி நின்றுவிடுகிறது. கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால் ‘லாக் பாருங்கள்’ என்கிறார்கள். மறுநாள் காலையில், ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் ‘எர்ரர்ஸ்’ பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒன்பதரைக்கு எதுவுமே இல்லை. ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங், சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஆர்டர் வரும் நேரத்தில் தளம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பது புரிகிறது. சர்வர் நடப்பதை எழுதிவைக்கும் குறிப்பேடுதான் லாக். அந்தப் பிழைக்கு எங்காவது ஒரு தடயம் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்த பக்கத்தில் அது தென்படாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

முதல் காரணம், அந்தப் பக்கத்தின் அளவு. ‘மெட்ரிக்ஸ்’ பகுதியில் உள்ள ‘எர்ரர்ஸ்’ பக்கம் வெப் சர்வரின் எர்ரர் லாகிலிருந்து கடைசி 300 பதிவுகளைத்தான் காட்டும். உள்ளே நுழைய வழி தேடும் தானியங்கி நிரல்கள் இரவெல்லாம் வந்துபோகின்றன. சர்வரின் காவல் மென்பொருளான மாட்செக்யூரிட்டி அவற்றைத் தடுக்கும்போதெல்லாம் ஒரு பதிவு விழும். விடிவதற்குள் 300 நிரம்பி, உங்கள் ஒன்பதரை மணிப் பதிவு பக்கத்தை விட்டே போயிருக்கும். ஆகவே தளம் நின்ற உடனேயே, முடிந்தால் போனிலிருந்தாவது, இந்தப் பக்கத்தைத் திறந்து உள்ளதை அப்படியே நகலெடுத்து வையுங்கள்.

இரண்டாவது காரணம் நேரம். பலரும் இடறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கணக்கில் மூன்று லாகுகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று எழுதும் ஆக்சஸ் லாகில் ஒவ்வொரு வரியிலும் நேரத்தை ஒட்டி +0000, -0500 போல ஓர் எண் இருக்கும். அது சர்வரின் நேர வித்தியாசம். வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் எர்ரர் லாகும் அதே சர்வர் நேரத்தில்தான் எழுதும், ஆனால் அந்த எண்ணைப் போடாது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் எர்ரர் லாகோ, வேர்ட்பிரஸ் தளங்களில் பொதுவாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். வேர்ட்பிரஸ்ஸே அப்படி அமைத்துவிடுகிறது. இந்திய நேரம் யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே உங்கள் இரவு 9:30, பிஎச்பி லாகில் 16:00. சர்வர் -0500 என்றால் அப்பாச்சி லாகில் அது காலை 11:00. 21:30 என்று தேடினால் எதிலும் கிடைக்காது. நள்ளிரவு தாண்டி நடந்தவற்றுக்குத் தேதியும் மாறும்: நமக்கு அதிகாலை 2:00 என்றால் யுடிசியில் முந்தைய நாள் 20:30.

சரி, எங்கே பார்ப்பது? ஃபைல் மேனேஜரில் பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டரைத் திறங்கள். அங்கே ‘எர்ரர் லாக்’ என்ற பெயரில், எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். சிபேனல் சர்வர்களில் பிஎச்பி தன் பிழைகளை வழக்கமாக இங்கேதான் எழுதும். ‘எர்ரர்ஸ்’ பக்கத்தில் வராத பிழை பெரும்பாலும் இதில் இருக்கும். அட்மின் பக்கத்தில் நடந்த பிழைக்கு டபிள்யூபி-அட்மின் ஃபோல்டருக்குள் தனியாக இன்னொரு ஃபைல் உருவாகியிருக்கலாம். திறந்ததும் நூற்றுக்கணக்கான ‘நோட்டீஸ்’, ‘வார்னிங்’, ‘டெப்ரிகேட்டட்’ வரிகளைக் கண்டு மிரள வேண்டாம். இவற்றால் தளம் நிற்பதில்லை. ‘ஃபேட்டல்’ என்ற சொல்லை மட்டும் தேடுங்கள்.

உங்களைப் போன்ற கடைத் தளங்களில் அடிக்கடி வருவது ‘அலவ்டு மெமரி சைஸ் ஆஃப் 134217728 பைட்ஸ் எக்ஸாஸ்டட்’. அந்த நீண்ட எண் 128 எம்பிதான். இந்த வரியின் கடைசியில் ஒரு ஃபைலின் முழுப் பாதை இருக்கும். அதில் ‘பிளகின்ஸ்’ (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) என்பதற்கு அடுத்து வரும் பெயரை முதலில் சந்தேகியுங்கள். எடுத்த எடுப்பில் மெமரியைக் கூட்டிவிடாதீர்கள். அந்த பிளகின் ஒன்பதரைக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். பேக்கப் எடுக்கும் பிளகினாக இருந்தால் அதன் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினாலே போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தளம் நிற்கும்போது தெரிவது ‘தளத்தில் கடுமையான பிழை ஏற்பட்டுள்ளது’ என்கிற வேர்ட்பிரஸ்ஸின் சொந்தச் செய்தியா, அல்லது வெறும் சர்வர் பக்கமா? முன்னதாக இருந்தால் பிஎச்பி லாகில் அநேகமாக வரி இருக்கும். அட்மின் மின்னஞ்சலுக்கும் ஒரு தகவல் வந்திருக்கலாம், ஸ்பாமிலும் தேடுங்கள். பின்னதாக இருந்து, பிஎச்பி லாகும் காலியாக இருந்தால், உங்கள் கணக்குக்கான மெமரி வரம்பு தாண்டி, ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ் (நிரல்) பாதியிலேயே நிறுத்தப்பட்டிருக்கலாம். நிறுத்தப்பட்ட ப்ராசஸால் லாக் எழுத முடியாது. அப்போது ‘மெட்ரிக்ஸ்’ பகுதியிலேயே ‘ரிசோர்ஸ் யூஸேஜ்’ பாருங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு போடும் கிளவுட்லினக்ஸ் உள்ள சர்வர்களில் இது இருக்கும். எந்த நேரத்தில் எந்த வரம்பில் ‘ஃபால்ட்’ (வரம்பைத் தொட்ட பதிவு) விழுந்தது என்று அதில் தெரியும். ஒரே நேரத்தில் நுழைவோர் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் வருவது 508 என்ற பிழை. உங்களுக்கு வருவது 500 என்பதால் மெமரி வரம்பையே முதலில் பாருங்கள்.

யாரால் சுமை ஏறியது என்று அறிய ‘ரா ஆக்சஸ்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே உங்கள் டொமைன் இரண்டு முறை இருக்கும். எஸ்எஸ்எல் என்று குறித்ததை இறக்குங்கள், ஏனென்றால் இன்றைய போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் எச்டிடிபிஎஸ் வழியில்தான். ஜிஇசட் ஃபைலை 7-ஜிப்பில் பிரித்து, நோட்பேட்++ கொண்டு திறங்கள். தளம் நின்ற நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்து படியுங்கள். லாகின் பக்கத்துக்கோ, வெளி ஆப்கள் வேர்ட்பிரஸ்ஸுடன் பேச உதவும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி ஃபைலுக்கோ ‘போஸ்ட்’ வரிகள் நொடிக்கு நொடி குவிந்திருந்தால், அது பாஸ்வேர்டு ஊகிக்கும் தாக்குதல். வேர்ட்பிரஸ்ஸின் நேரம் குறித்த வேலைகளை ஓட்டும் டபிள்யூபி-கிரான் வரியைத் தொட்டு 500 வரிசையாக வந்தால், பின்னணியில் ஓடிய ஒரு வேலைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதே பக்கத்தில் லாகுகளை ஆர்க்கைவ் செய்யச் சொல்லும் பெட்டியில் டிக் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் பழைய பதிவுகள் தங்காமல் போகலாம்.

சிலர், பிழைகளைத் தனி ஃபைலில் எழுதும் வேர்ட்பிரஸ் டீபக் லாகை இயக்கச் சொல்வார்கள். பயனுள்ளதுதான். ஆனால் அது எழுதும் ஃபைல் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் இருக்கும். தடுப்பு எதுவும் போடாவிட்டால் முகவரி தெரிந்த யாரும் பிரவுசரில் திறந்து படிக்கலாம். வேலை முடிந்ததும் அணைத்து, ஃபைலை நீக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தடயம் கிடைக்கவில்லையா? டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்க்யூஎல்லின் லாகும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் லாகும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்கள் கண்ணுக்கு எட்டாதவை. நிறுவனம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘தளம் நிற்கிறது’ என்று மட்டும் எழுதாமல், டொமைன், தேதி, யுடிசியில் நேரம், ஆக்சஸ் லாகில் 500 காட்டும் ஒரு வரி ஆகியவற்றைச் சேர்த்து, ‘இந்த நேரத்தில் எங்கள் பிஎச்பி ப்ராசஸ் நிறுத்தப்பட்டதா, மைஎஸ்க்யூஎல் ரீஸ்டார்ட் ஆனதா?’ என்று நேராகக் கேளுங்கள்.