வேலைக்குப் போய்க்கொண்டே சிப்பிக் காளான்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வேலையை விடாமல் வீட்டிலேயே சிப்பிக் காளான் போட்டு விற்கிறேன் என்று சொன்னதிலிருந்து நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பத்து பெட் போட்டால் மாதம் எவ்வளவு நிற்கும்? (திண்டுக்கல்)

தம்பி, விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் விளைச்சலைக் கணக்குப் போடுங்கள். பெட் என்பது வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கி அடைத்துத் தொங்கவிடும் பை. அரை கிலோ காய்ந்த வைக்கோல் வைத்துக் கட்டிய ஒரு பெட், 35 முதல் 45 நாளில் மூன்று அறுப்பும் சேர்த்து 500 முதல் 600 கிராம் தரும். பத்து பெட் என்றால் ஐந்தாறு கிலோ, அதுவும் ஒன்றரை மாதத்துக்கு. வித்து, பை, வைக்கோல், தண்ணீர் காய்ச்ச விறகு, வண்டி பெட்ரோல் எல்லாம் போனால் பெரிதாக ஒன்றும் நிற்காது. கை பழகும், அவ்வளவுதான். தினம் 2 கிலோ அறுக்க வேண்டுமானால் தினம் 4 பெட் வீதம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு பெட் சுமார் நாற்பது நாள் தொங்கும், அப்படியென்றால் எந்த நேரமும் 160 பெட்டாவது தொங்க இடம் வேண்டும். இந்த இடக் கணக்கை யாரும் சொல்வதில்லை. முதலில் இரண்டு சுற்று பத்து பத்தாகப் போடுங்கள், கடன் வாங்கி ஷெட் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அக்கா ஒருத்தர் கேட்கிறேன் தம்பி, வளர்த்துவிடலாம், யாரிடம் விற்பது? (விருதுநகர்)

அக்கா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். வித்து வாங்குவதற்கு முன்னாலேயே இதைத்தான் பார்க்க வேண்டும். வெளியில் வைத்தால் சிப்பிக் காளான் ஒரு நாளுக்கு மேல் தாங்காது, ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் இரண்டு மூன்று நாள். அதனால் காலையில் அறுத்தது அன்றைக்கே போயாக வேண்டும், நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குள் போயாக வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: காய்கறிக் கடை, மெஸ், அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த வழிதான் உங்கள் சந்தை, அதைத் தாண்டி யோசிக்காதீர்கள். கடைக்காரருக்கு மொட்டுக் காளான் (பட்டன் மஷ்ரூம்) தான் பழக்கம், சிப்பியைப் பார்த்தால் தயங்குவார், வாங்குகிறவர்களுக்கும் எப்படிச் சமைப்பது என்று தெரியாது. ஒரு 200 கிராம் பாக்கெட்டைச் சும்மா கொடுங்கள், காம்பின் அடிக்கட்டையை வெட்டிவிட்டு, கையால் நாராகக் கிழித்து, மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டவர் மறுபடி கேட்டால்தான் அது ஆர்டர். "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்கிறவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாராவாரம் எடுத்துக்கொள்கிற ஆள் நாலைந்து பேர் சேர்ந்த பிறகு, அவர்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்குத் தக்கபடி பெட் போடுங்கள்.

பயிற்சி, வித்து, ஷெட் எல்லாம் சேர்த்து மொத்தமாகப் பணம் கட்டினால், விளைந்ததைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

கட்டாதீர்கள். ஒரே நாளில் வாடிப்போகிற பொருளை உங்கள் வீட்டு வாசலில் வந்து தினமும் யார் எடுப்பார்கள், எடுத்து எந்த ஊரில் யாருக்கு விற்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் மழுப்பலாகத்தான் இருக்கும். பலருக்கு வருமானமே பயிற்சிக் கட்டணத்திலும் வித்து விற்பதிலும்தான், காளானில் இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி தருகிறார்கள், பல மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையத்திலும் உண்டு. சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது, அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

பையில் பச்சைப் பச்சையாகப் படர்கிறது. வித்து கெட்டதா?

பெரும்பாலும் வைக்கோல்தான் காரணம். ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் முழுசாக வேகவைக்க வேண்டும். அப்புறம் நிழலில் உலர்த்தி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். சொட்டினால் இன்னும் ஒரு மணி நேரம் பரப்பிப் போடுங்கள், அவசரப்பட்டுப் பையில் அடைத்தால் பச்சைப் பூசணம் நிச்சயம். நல்ல பெட் பதினைந்து இருபது நாளில் பஞ்சு சுற்றினாற்போல் முழுக்க வெளுத்திருக்கும். பச்சை பிடித்த பையை அறைக்குள் பிரிக்காதீர்கள், அப்படியே தூக்கி வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

அம்மாவுக்கு ஆஸ்துமா. மாடி அறையில் போடலாமா?

வேண்டாம்மா. முற்றிய காளான் வெள்ளைத் தூசி மாதிரி ஸ்போர் என்ற நுண்துகளை உதிர்க்கும், ஆரோக்கியமானவர்களுக்கே இருமல் வரும். அம்மா இருக்கிற வீட்டில் இதைச் செய்யாதீர்கள், தனிக் குடில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்களும் குடைகள் விளிம்பு விரிந்து மெலிவதற்கு முன்பே அறுங்கள், உள்ளே போகும்போது மாஸ்க் போடுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் நான், என் பெயரில் செய்யலாமா?

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 இருக்கிறது சார், முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. முதலில் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தனியார் வேலையில் இருப்பவர்களும் பணி நியமனக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

மிஞ்சியதை ஊறுகாய், சூப் பொடி என்று போடலாமா?

போடலாம், ஆனால் அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். விற்காமல் நாலு நாள் கிடந்ததை ஊறுகாய் ஆக்காதீர்கள்.

திருநெல்வேலி வெயிலில் வருமா?

காளான் பூக்கும் அறைக்கு 25 டிகிரிக்குப் பக்கத்தில் சூடும், 85 முதல் 90 சதவீதம் ஈரப்பதமும் வேண்டும். தரையில் மணல் பரப்பி நனைத்து, சுற்றிலும் ஈரச் சாக்குக் கட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். சித்திரை, வைகாசியில் சிப்பியோடு மல்லுக்கட்டுவதைவிடப் பால் காளானுக்கு மாறுங்கள், ஏபிகே 2 என்ற ரகம் 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வரும், அறுத்த பிறகும் சிப்பியைவிடத் தாங்கும். பெட்டின் மேலே மண் போட வேண்டிய வேலை மட்டும் கூடுதல்.

அறுத்து முடிந்த பையை என்ன செய்வது?

மண்புழு உரத்துக்கு அருமையான பொருள், அக்கம்பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். குடிலுக்குப் பக்கத்தில் மட்டும் குவித்து வைக்காதீர்கள், அடுத்த சுற்றுக்கு ஈ அங்கிருந்துதான் வரும்.