மெகாக்வேரியம்: தொட்டி கட்டுகிறவர்கள் கேட்டவை

மெகாக்வேரியம் என்ற கணினி விளையாட்டு 2018 செப்டம்பரில் வந்தது. வெறுந்தரையில் தொட்டி வைத்து, மீன் விட்டு, ஆள் போட்டு, டிக்கெட் எடுத்து வருகிறவர்களைத் திருப்திப்படுத்தி மீன்காட்சியகம் நடத்த வேண்டும். நம் கரையில் இதை விளையாடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், கேள்விகளும் குவிந்துவிட்டன. கேட்டவர் ஊரைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீழக்கரை: காக்கா (அண்ணா), சிங்கமீன் வாங்கி விட்டேன். முதலில் சாதுவாகத்தான் இருந்தது. இப்போது தொட்டியில் சின்ன மீன் ஒன்றுகூட இல்லை. கேம் ஏமாற்றுகிறதா?

ஏமாற்றவில்லை தம்பி, கார்டில் எழுதித்தான் வைத்திருக்கிறான், நாம்தான் படத்தைப் பார்த்த வேகத்தில் வாங்கிவிடுகிறோம். கடையில் மீனைத் தொட்டதும் வரும் கார்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: எவ்வளவு பெரிதாக வளரும், எதைத் தின்னும். வாங்கும்போது குட்டியாக இருப்பது தீனி ஒழுங்காகக் கிடைத்தால் வளர்ந்துகொண்டே போகும், வளர்ந்த பிறகு பக்கத்தில் நீந்துகிற சின்னது எல்லாம் அதற்கு இரைதான். குருசடைத் தீவுப் பக்கம் பவளப் பாரில் முங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிங்கமீன் துரத்தாது, செட்டையை விரித்துக்கொண்டு மெதுவாக ஒதுக்குப்புறமாக நெருக்கி, ஒரே வாயில் உறிஞ்சிவிடும். களவா மீனும் அப்படித்தான், வாய் கொள்கிற எதையும் விடாது. அதனால் முழு வளர்ச்சி அளவை வைத்தே தொட்டியையும் கூட்டாளிகளையும் முடிவு செய்யுங்கள். என் ஆட்டத்தில் எல்லாத் தொட்டியும் பாதி காலியாகத்தான் தொடங்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

அப்புறம், வம்புக்கார மீன் என்று குறிப்பு இருந்தால் பயந்தாங்கொள்ளி மீனோடு போடாதீர்கள். கிளாத்தி மீனைக் கையில் பிடித்துக் கடி வாங்கினவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்டி: அண்ணே, பத்துப் பன்னிரண்டு தொட்டி வைத்தும் காசு நிற்க மாட்டேன் என்கிறது. தொட்டிக்கு இரண்டு மீன்தான் இருக்கு.

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் வடிகட்டி, அதைப் பழுது பார்க்க ஆள், தீனி போட ஆள், ஆளுக்குச் சம்பளம். கூட்டம் வருவது தொட்டியின் எண்ணிக்கைக்காக அல்ல, உள்ளே இருக்கும் உயிர்களின் மதிப்புக்காக. ஒத்துப்போகிற நாலைந்து இனங்களை ஒரே பெரிய தொட்டியில் சேர்த்தால் செலவு குறையும். தண்ணீர் போத்தல் மெஷின், கழிப்பறை, பரிசுக் கடை மூன்றையும் நடைபாதை ஓரமாகப் போடுங்கள். வடிகட்டி, சூடேற்றி எல்லாம் பின்பக்கம் இருக்கட்டும், சுவர் எழுப்பி மறையுங்கள், காசு கொடுத்து வந்தவன் குழாயைப் பார்த்தால் முகம் சுளிக்கத்தான் செய்வான்.

தேவிபட்டினம்: போனில் வருமா?

கணினி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ். போனை மறந்துவிடுங்கள்.

பாம்பன்: அண்ணா, பவளம் வைத்தால் செத்துப் போகிறது. வெளிச்சம் குறைவு என்று காட்டுகிறது.

பெரிய விளக்கு போடும்மா, அது போதும். ஒளியில்லாமல் பவளம் பிழைக்காது, ஏனென்றால் அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் சமைத்து அதற்கு ஊட்டுகிறது. தண்ணீர் ரொம்பச் சூடானால் அந்தப் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும், 2016-ல் மன்னார் வளைகுடாவில் நடந்தது இதுதான். கேமில் இன்னொரு தொல்லை, பவளத்தைக் கொத்துகிற மீன்கள். அதுவும் கார்டில் இருக்கும்.

மண்டபம்: சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போனோம். கேமுக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு தூரம்? கடல் குதிரை வளர்க்கலாமா?

அக்கா, நல்ல கேள்வி. தீனி, இடம், யாரோடு யார் என்பதில் கேம் கிட்டத்தட்ட சரி. தண்ணீரில்தான் ரொம்பச் சலுகை காட்டுகிறது. நிஜத்தில் புதுத் தொட்டியில் உடனே மீன் விட்டால் அதன் கழிவில் வரும் அம்மோனியாவே அதைக் கொன்றுவிடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா வடிகட்டியில் குடியேறப் பல வாரம் ஆகும். கேமில் வடிகட்டியை மாட்டினால் ஆச்சு. உப்பின் அளவைப் பற்றிய கவலையும் இல்லை, நிஜத்தில் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போகும், நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் அது தினசரி வேலை.

கடல் குதிரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு வயிறே கிடையாது, தின்றது தங்காது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்ன வேண்டும், வேகமான மீன்களோடு விட்டால் பட்டினிதான். கேமில் ஆசை தீர வளருங்கள். வீட்டுத் தொட்டிக்கு என்று கடலில் பிடித்து வரச் சொல்லாதீர்கள், கடல் அட்டை போலவே 2001 முதல் அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, பிடித்தால் வழக்குதான்.

மோர்ப்பண்ணை: ஆவுளியா (கடல் பசு) வைக்கலாமா?

கேமில் கிடையாது. நிஜத்திலும் உலகில் விரல் விட்டு எண்ணுகிற காட்சியகங்களில்தான் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் கேட்கிற பிராணிக்கு யார் தினமும் அறுத்துக் கொட்டுவது? அதற்கென்று 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். உங்களுக்குத் தொட்டியில் பெரிதாக ஏதாவது வேண்டுமென்றால் திருக்கையும் சுறாவும் இருக்கின்றன, கொஞ்சம் பொறுத்து, கேமில் புள்ளி சேர்த்துத் திறந்துகொள்ளுங்கள்.