செத்த மீனை மகனிடம் ஏன் மறைக்கிறீர்கள்?

கேள்வி: கணவர் கனடாவில் இருக்கிறார். ஒன்பது வயது மகனின் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பிய காசில் இரண்டடி நீள மீன்தொட்டி வாங்கி, நியோன் டெட்ரா, ஏஞ்சல், தங்கமீன் எல்லாம் கலந்து விட்டோம். ஊற்றுவது கிணற்றுத் தண்ணீர். கிழமைக்கு இரண்டு மூன்று செத்துப்போகின்றன. மகன் டியூசன் முடிந்து வருவதற்குள் செத்ததை எடுத்துவிட்டு, அதே மாதிரி வேறொன்று வாங்கி விட்டுவிடுவேன். எங்கள் தண்ணீருக்கு எந்த மீன்கள் ஒத்துவரும்?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, மீன் சாகிறது என்ற கடிதம் எனக்குப் புதிதல்ல. மகன் வருவதற்குள் ஆள்மாறாட்டம் செய்கிறீர்களே, அதுதான் கண்ணில் குத்துகிறது. யாருடைய மீன் அது? அவனுக்கென்று வாங்கிக் கொடுத்தீர்கள் என்றால் அதன் சாவும் அவனுக்குத் தெரியத்தான் வேண்டும். தகப்பன் தூரத்தில் இருக்கிற வீட்டில் தாயின் சொல்லைத்தான் பிள்ளை முழுதாக நம்பியிருப்பான். என்றாவது ஒருநாள் டியூசன் நேரத்தோடு முடியும். மீன் நீந்தும் பொலித்தீன் பையும் கையுமாக வாசலில் அகப்படுவீர்கள். அன்றைக்கு அவன் கேட்கப்போவது மீனைப் பற்றி மட்டுமாக இருக்காது.

மீன்களுக்கும் இந்த ஒளிப்பு நல்லதல்ல. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அதை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா பில்டரில் வளர்ந்து நிலைக்க 4 முதல் 6 கிழமை வேண்டும். நீங்களோ அதற்கு அவகாசமே கொடுக்காமல் புது மீனையும், அதோடு கடைத்தொட்டியின் நோயையும் கொண்டுவந்து விடுகிறீர்கள். காரத்தன்மை கூடிய நம் தண்ணீரில் அமோனியாவின் நஞ்சும் கூடும்.

கேத்திலின் அடியைப் பாருங்கள். சுரண்டினால் பொருக்காக உரிகிற அந்த வெள்ளைப் படிவு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் கரைந்து வந்தது. நியோன் டெட்ராவோ அமேசன் பக்கத்து மென்னீர் மீன், அதாவது சுண்ணாம்பு குறைந்த தண்ணீருக்கு உரியது. ஏஞ்சல் வளர்ந்தால் அந்த நியோனையே விழுங்கும். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. பெரிதாக வளரும், கழிவும் அதிகம். இந்த மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டது பெரும் பிழை.

நம் கிணற்றுத் தண்ணீருக்கென்றே படைத்ததுபோல நான்கு மீன்கள் உண்டு: கப்பி, பிளாட்டி, மொலி, சுவோர்ட்டெயில். நான்கும் குட்டி போடுபவை, ஒன்றோடொன்று சண்டையில்லாமல் வாழக்கூடியவை. இருந்தாலும் மொலியும் சுவோர்ட்டெயிலும் பெரிதாக வளரும். உங்கள் தொட்டி கிட்டத்தட்ட 55 லீற்றர்தான் பிடிக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள். தொட்டி நிலைத்ததும் பிளாட்டியில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் விடுங்கள். சில கிழமை கழித்து ஆண் கப்பிகள் நான்கைந்து. கப்பியின் வாலைக் கடித்துக் குதறும் டைகர் பார்பும், பைட்டர் மீனும் வேண்டாம். பிளாட்டிக் குட்டிகள் பெருகினால் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

கிழமைக்கொரு முறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். இந்த வேலைகள் மகனுடையவை, உங்களுடையவை அல்ல. தீனியும் அவன்தான் போட வேண்டும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும்.

இனி ஒரு மீனும் வாங்காமல், இன்று இரவே அவனை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லுங்கள். தகப்பனுக்கும் தொலைபேசியில் அவனே சொல்லட்டும். தங்கமீனையும் ஏஞ்சலையும் பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிட்டு, மிஞ்சிய நியோன்களோடு தொட்டியை ஆறு கிழமை விடுங்கள். பிறகு பிளாட்டி வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு டியூசன் இருந்தால், ஒரு நாள் போகாமல் இருக்கட்டும்.