வண்டிக்கு அடியில் ஓடும் காற்று

கேள்வி: ஐயா, என்னிடம் பழைய ஸ்விஃப்ட் இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் கோவை செட்டிபாளையத்திலுள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ பந்தயத் தடத்தில் ஓட்டுகிறேன். நேர்பாதையின் முடிவில் பின்பக்கம் இலேசாக மிதப்பதுபோல் தோன்றுகிறது. பின் பம்பருக்கு அடியில் மாட்டும் ஃபைபர் டிஃப்யூசர் ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாட்டினால் பிடிமானம் கூடுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்குச் செலவழிக்காதீர்கள். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். சைலன்சர் குழாய், பெட்ரோல் டேங்க், பின் ஆக்சில், ஸ்டெப்னிப் பள்ளம், கடைசியில் பம்பரின் உட்குழி. இத்தனை மேடுபள்ளங்களில் முட்டிமோதி வரும் காற்று, பின்பக்கம் வந்து சேரும்போதே சிதறிப்போயிருக்கும். டிஃப்யூசருக்கு வேண்டியது சீராக ஓடிவரும் காற்று.

அது செய்யும் வேலை இதுதான். தரைக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான வழியில் காற்று வேகம் பிடிக்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. பின்னால் வழி மெல்ல விரிந்தால், காற்று வேகம் தணிந்து வெளியழுத்தத்துக்குத் திரும்புகிறது. அந்த விரிவு ஒழுங்காக அமைந்தால் முன்னாலுள்ள ஒடுக்கத்தில் இன்னும் அதிகக் காற்று பாயும். வண்டியைத் தரையோடு இழுக்கும் விசை பெரும்பாலும் டிஃப்யூசர் தொடங்கும் இடத்திலும் அதற்கு முன்னாலுள்ள அடித்தளத்திலும்தான் பிறக்கிறது. அடித்தளத்தைத் திறந்த கூடாக விட்டுவிட்டு வாலில் மட்டும் பலகை மாட்டினால் அது அலங்காரமாகவே தொங்கும்.

1978-இல் ஓட்டுநர் மரியோ ஆண்ட்ரெட்டி ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்ற லோட்டஸ் 79 பந்தயக் காரை நினைத்துப் பாருங்கள். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் குழு அதன் பக்கப்பெட்டிகளின் அடிப்பாகத்தைக் கவிழ்த்த இறக்கைபோல் வளைத்தது. அதோடு நிற்காமல், பக்கவாட்டிலிருந்து காற்று உள்ளே புகாதபடி தரையைத் தொடும் ‘பாவாடை’களையும் கட்டியது. பாவாடை தூக்கிக்கொண்டால் பிடிமானம் சட்டென்று போய்விடும். ஓட்டுநர்களுக்கு அது பெரும் ஆபத்தாக இருந்தது. 1983-இல் ஃபார்முலா 1 விதிகள் தட்டையான அடித்தளத்தைக் கட்டாயமாக்கின. உங்கள் வண்டியோ தரையிலிருந்து ஏறத்தாழ 170 மி.மீ. உயரத்தில், நான்கு பக்கமும் திறந்து ஓடுகிறது.

கோணத்தையும் பாருங்கள். 7 முதல் 10 பாகை வரையிலான சரிவில் காற்று பெரும்பாலும் தளத்தை ஒட்டி வரும். அதிகம் செங்குத்தானால் பிய்த்துக்கொண்டு சுழலும். கடைகளில் நான் அளந்து பார்த்த பல டிஃப்யூசர்கள் 20 பாகையைத் தாண்டியவை.

செய்தே தீருவேன் என்றால் அடித்தளத்திலிருந்து தொடங்குங்கள். நண்பர் ஒருவரின் வண்டிக்கு நான் பெயர்ப்பலகைக்குப் பயன்படும் அலுமினியக் கம்போசிட் தகட்டை அடியில் பொருத்தினேன். முன்விளிம்பை இரண்டே போல்ட்டில் நிறுத்தியது என் தவறு. நான்காவது சுற்றில் விளிம்பு கீழே வளைந்து காற்றை முறம்போல் அள்ளத் தொடங்கியது. அந்தத் தகட்டின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக். சைலன்சர் ஓரத்தில் அது இளகியும் இருந்தது. தகடு கழன்று பின்னால் வந்தவர் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆகவே முன்விளிம்பில் நெருக்கமாக போல்ட் போடுங்கள். சைலன்சர் பாதையைத் திறந்தே விடுங்கள். ஆயில் வடிக்கும் இடத்துக்குத் தனி மூடி வையுங்கள்.

பலன் கிடைத்ததா என்பதை அளந்து பாருங்கள். ஒளிபுகும் டியூபை ‘யு’ வடிவில் வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடித்தளத்துக்குக் கொண்டுபோங்கள். மறுமுனை கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் இருக்கட்டும். தடத்தில் மட்டும் ஓட்டுங்கள். நீர்மட்டத்தைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று நேராக மோதும் அழுத்தமே சுமார் 47 மி.மீ. நீர்மட்ட வித்தியாசம்தான், 50 கி.மீ.யில் 12 மி.மீ. பொள்ளாச்சி சாலையில் எதுவும் தெரியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

உங்கள் மிதப்புக்கு என் முதல் சந்தேகம் பின் டயர்களின் காற்றழுத்தமும் தேய்ந்த ஷாக் அப்சார்பரும். அவை சரியாக இருந்தால் கூரையின் பின்விளிம்பில் ஒரு ஸ்பாய்லர், அதாவது மேலே ஓடும் காற்றைத் திருப்பிவிடும் சிறு பலகை, போதும். முதல் தலைமுறை ஆடி டிடி காரில் அதிவேக விபத்துகள் நடந்தபோது, நிறுவனம் செய்த திருத்தங்களில் ஒன்று பின்பக்கத்தில் ஒரு சிறு ஸ்பாய்லர்.

கேள்வி: சர்வீசுக்கு விட்டபோது என்ஜினுக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. ‘கல் படாமல் இருக்கத்தான், இல்லாவிட்டாலும் ஓடும்’ என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஓசூர்

பதில்: ஓடும் அம்மா. ஆனாலும் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கல்லையும் சேற்றையும் தடுப்பதோடு, முன்பக்கம் வரும் காற்றை என்ஜின் அறைக்குள் முட்டவிடாமல் வண்டிக்கு அடியில் வழுக்கி ஓடச் செய்வதும் அந்தத் தட்டுதான். சில வண்டிகளில் ரேடியேட்டர் வழியாகக் காற்று சரியாகப் போகவும் அது உதவுகிறது. கிளிப்புகள் உடைந்திருந்தால் புதியவை வாங்கிக் கொடுங்கள், விலை அதிகமில்லை. கம்பியால் கட்டித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.