புதிதாக மேற்பார்வையாளர் ஆனவர் நேர்மையாகத் தலைமை தாங்குவது எப்படி?

கேள்வி: "உப்புவெளியில் ஒரு சுற்றுலா விடுதியில் மேற்பார்வையாளராக உயர்ந்திருக்கிறேன். நேற்றுவரை கூட நின்று வேலை செய்தவர்களை இன்று வழிநடத்த வேண்டும். யாருக்கும் அநியாயம் செய்யாமல் இந்தப் பொறுப்பைப் பார்ப்பது எப்படி?"

வாழ்த்துகள். நானும் திருகோணமலைக் கரையோர விடுதிகளில்தான் தொழில் பழகினேன். இன்றும் அதே துறையில் ஊழியர் பொறுப்பைப் பார்க்கிறேன். உங்கள் கீழ் வேலை செய்பவர் உங்களுடைய ஒவ்வொரு முடிவையும் தானே சரிபார்க்கக்கூடியதாக வைத்திருங்கள். "என்னை நம்புங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும், கணக்கு மூடிக் கிடந்தால் சந்தேகம் முளைக்கத்தான் செய்யும்.

கடமை அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். நம் ஊரில் ஒரே சமையலறையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நிற்கிறார்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் தமிழருக்கும் சிங்களவருக்கும் புத்தாண்டு. அதே நாட்களில்தான் உள்ளூர்ப் பயணிகளால் அறைகள் நிரம்பும். "முஸ்லிம் ஆட்கள் நிற்பார்கள்தானே" என்று ஒரு வார்த்தை கேட்காமலே அவர்களுடைய பெயரை எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் விடுமுறை கேட்கும்போது ஆள் போதாது என்று கைவிரிப்பார்கள். இதைவிட வேகமாக ஒரு குழுவைப் பிரிக்கும் காரியம் வேறில்லை.

எனக்குத் தொழில் பழக்கிய அக்கா ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஜனவரியிலேயே ஊழியர் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு நீளமான தாளை ஒட்டுவார். தைப்பொங்கல், புத்தாண்டு, வெசாக், இரண்டு பெருநாள்கள், தீபாவளி, நத்தார் எல்லாம் அதில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில் தொங்கும். எந்த நாளில் யார் நிற்பது, அவருக்காக எந்த நாளில் யார் நிற்பது என்று அவரவரே எழுத வேண்டும். தீபாவளிக் கட்டத்தில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் அந்த அக்கா தாளை ஒட்டுவார். மார்ச் வருவதற்குள் தாளெங்கும் குழம்புக் கறை படிந்துவிடும். ஆனால் விடுமுறைச் சண்டை என்று ஒன்று அங்கே நடந்ததாக எனக்கு நினைவில்லை.

இரு மொழிகளிலும் எழுதுவதை அலங்காரமாக நினைக்காதீர்கள். ஒரு மொழியில் மட்டும் கூட்டம் நடத்தினால், புரியாமல் தலையாட்டும் ஒருவர் மூலையில் இருப்பார். பிறகு தவறு நடந்தால் பழி அவர் தலையில்தான் விழும்.

அடுத்தது சேவைக் கட்டணம். பில்லில் சேர்க்கும் 10 சதவீதம் மாத முடிவில் ஊழியருக்குப் பிரிக்கப்படுகிறது என்றால், வசூலான தொகை, உடைந்த பாத்திரங்களுக்குக் கழித்தது, பங்கு பிரிக்கும் புள்ளி ஒன்றின் மதிப்பு, ஒவ்வொருவருடைய புள்ளி ஆகிய நான்கையும் ஒரே தாளில் போட்டு ஒட்டச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். அறை துப்புரவு செய்பவருக்குத்தான் இந்தத் தாள் மிகவும் தேவை. அவருக்கு வேறு எந்தக் கணக்கும் காட்டப்படுவதில்லை.

படகுக் கொமிஷனைத் தொடாதீர்கள். நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம். விருந்தினரை அனுப்பினால் தலைக்கு இவ்வளவு என்று படகுக்காரர் தருவார். அதை வாங்கிய கை, கடல் கொந்தளிக்கும் காலையில் "இன்று போகவேண்டாம்" என்று சொல்லத் தயங்கும். பவளப் பாறைமேல் ஏறி நிற்கவிடும் படகோட்டியைக் கண்டிக்கவும் வாய் வராது. தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மிகக் கடினமானது மேலிடத்துக்கு மறுப்புச் சொல்வது. சீசனுக்கு மட்டும் எடுக்கும் பிள்ளைகளை "நாள் கூலி" என்று பதிந்து, ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுகாலச் சேமிப்பு) கட்டாமல் விடச் சொல்வார்கள். எனக்கும் அப்படி ஒரு முதலாளி சொன்னார். 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும் நாள் கூலிக்காரரையும் உள்ளடக்குகிறது. ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்குச் சேமலாப நிதியில் மட்டும் 8,000 ரூபாய் சேர வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வேலை செய்தால் 40,000 ரூபாய். இருபது வயதுப் பிள்ளையின் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான சேமிப்பு அப்படியே காணாமல் போகிறது, அதுவும் அவருக்குத் தெரியாமல்.

நான் கூச்சலிடவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, சட்டத்தின் பெயரையும் குறித்து, "இந்தப் பதிவில் என்னால் கையெழுத்துப் போட முடியாது, சேர்" என்று கொடுத்தேன். கோபப்பட்டார், சில கிழமைகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கட்டினார். எல்லா முதலாளியும் அப்படி இறங்கிவருவார் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக, எழுத்தில், மற்றவர் முன்னால் அவரைத் தலைகுனியச் செய்யாமல் சொல்லுங்கள். அந்தத் தாளின் பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திருகோணமலையிலேயே தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. முறைப்பாடு கொடுக்க அந்தப் பிள்ளைகளுக்கு வழி காட்டுங்கள், தேவைப்பட்டால் கூடவே போங்கள்.